தேவகோட்டை ஷெட்டில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ்: பாடியைக் கழற்றலாமா?

வந்த கேள்வி இது. தேவகோட்டையில் ஐயா காலத்து வீடு. பின்கட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ரோல்ஸ் ராய்ஸ் 20/25 மாடல் கார் ஒன்று நாற்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. பார்க்க வந்த புரோக்கர், "சேஸிஸ் ஒரிஜினல். ஆனால் பாடி நாட்டுப் பாடி, மதிப்பு கிடையாது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு லண்டன் மாதிரியில் திறந்த டூரர் பாடி கட்டினால் நல்ல விலைக்குப் போகும்" என்கிறார். அவர் சொல்வது சரியா? கோச்பில்ட் என்றால் என்ன? புதுப்பிக்க எங்கே ஆரம்பிப்பது, என்ன செலவாகும்?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடியைக் கழற்ற விடாதீர்கள். பின் சீட்டுப் பலகையைத் தூக்கி அடியில் பார்க்கிற வரைக்குமாவது விடாதீர்கள். காரணம் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா பஸ் பாடி கட்டுகிற ஆசாரி. பஸ்ஸுக்கெல்லாம் மரச் சட்டம் போட்ட காலத்து ஆள். நான் காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்கள் பலதும் கைபட்டிருந்தாலும், முழுசாகப் பிரித்துக் கட்டிய கோச்பில்ட் கார் ஒன்றுதான். அதுவும் 20/25தான், அதுவும் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டிலிருந்து வந்ததுதான். அதனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

கோச்பில்ட் என்ற சொல்லுக்கு மிரள வேண்டியதில்லை. நம் ஊரில் இன்றைக்கும் நடக்கிற காரியம்தான். லாரி வாங்குகிறவர் கம்பெனியிலிருந்து சேஸிஸை மட்டும் எடுப்பார். டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையில்லாத அந்த எலும்புக்கூட்டை நாமக்கல் வரை ஓட்டிக்கொண்டு போவார். அங்கே பாடி கட்டுவார்கள். பஸ் என்றால் கரூர். ரோல்ஸ் ராய்ஸும் அப்படித்தான் விற்றது. டெர்பி ஃபாக்டரியிலிருந்து சேஸிஸ், எஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், பானெட், அதற்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு, அவ்வளவுதான் வரும். வாங்குகிறவர் அதை பார்க்கர், ஹூப்பர், த்ரப் அண்ட் மேபர்லி என்று ஏதாவது ஒரு பாடி கம்பெனியிடம் ஒப்படைத்து, தன் உயரத்துக்கும் வசதிக்கும் தகுந்தபடி கட்டச் சொல்வார். இந்தக் கம்பெனிகள் எல்லாம் குதிரை வண்டிக் காலத்தவை. பார்க்கர் 1710இல் தொடங்கியது. மோட்டார் வந்ததும் குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டினார்கள், பட்டறை அதேதான்.

ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி தன் பொறுப்பிலேயே இரும்புப் பாடி போட்டு முழு காராக விற்க ஆரம்பித்தது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1946இல் வந்த பென்ட்லி மார்க் 6 முதல்தான். ரோல்ஸ் ராய்ஸ் பெயரிலேயே அப்படி வந்தது 1949இன் சில்வர் டான். ஆக, 1929 முதல் 1936 வரை வந்த சுமார் 3,800 20/25களில் எஞ்சின் எல்லாம் ஒரே குடும்பம்: ஆறு சிலிண்டர், 3,669 சிசி. பாடியில் மட்டும் அச்சு அசல் இரண்டு கிடைப்பது கஷ்டம். ஒரே கம்பெனி, ஒரே படம் என்றாலும் கதவு நாலு நூல், அதாவது அரை அங்குலம், அப்படி இப்படி இருக்கும். கையால் செய்தது அப்படித்தான் இருக்கும்.

சரி, அந்த லண்டன் பாடி இங்கே வந்து என்ன ஆயிற்று? அதன் உள்சட்டம் ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்பு செய்கிறார்களே, அந்த மரம். வளையும், அதிர்ச்சி தாங்கும், ஒட்டும் பசையை நன்றாகப் பிடிக்கும். அந்த ஊருக்கு அருமையான மரம். நம் ஊரில் அதற்கு இரண்டு எமன்: வைகாசி வெயில், கரையான். வெயிலில் சுருங்கி மூட்டு கழன்றுவிடும். ஐப்பசி மழையில் அடிச்சட்டம் ஈரம் குடிக்கும். அப்புறம் கரையான் வரும். வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று நிற்கும், உள்ளே சட்டம் இருந்த இடத்தில் மண் புற்று இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் கதவைச் சாத்தினால் கார் முழுக்க ஆடும். விவரம் தெரிந்தவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே தேக்குச் சட்டம் கேட்டு வாங்கினார்கள். தெரியாதவர்கள் இங்கே மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

மறுபடி கட்டுவது அப்போது குறைவான காரியமாக யாரும் நினைக்கவில்லை. இங்கிலாந்திலேயே பழைய ரோல்ஸ் சேஸிஸில் புதுப் பாடி போட்டார்கள். பெரிய வீட்டு லிமோசின் சேஸிஸ் கடைசியில் பிண வண்டியானதும் உண்டு. இங்கே மெட்ராஸில் சிம்சன் கம்பெனி 1840இலிருந்தே குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தது. 1903இல் நீராவிக் கார் ஒன்றையே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் அங்கே செய்து ஓட்டிக் காட்டினார். கல்கத்தாவில் ஸ்டூவர்ட் கம்பெனி. இவர்களைப் பார்த்து வேலை பழகிய ஆசாரிகள் சின்னச் சின்னப் பட்டறைகள் போட்டார்கள். புரோக்கர் 'நாட்டுப் பாடி' என்று உதட்டைப் பிதுக்குகிறாரே, அது இந்தக் கைகளின் வேலை. லண்டன் பாடி போட்ட 20/25 உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கிறது. நம் ஆசாரி கட்டிய பாடியோடு எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பிரித்து எரித்தது போக, இரும்புக்கு எடை போட்டது போக.

எங்களிடம் வந்த காரிலும் முதலில் எனக்கு இந்தப் புத்தி இல்லை. நானும் "லோக்கல் பாடி" என்றுதான் சொன்னேன். அப்பாதான் பின் சீட்டைக் கழற்றிப் பலகையைத் திருப்பிப் போட்டார். அடியில் பென்சிலில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள். பக்கச் சட்டங்களில் 'வ', 'இ'. வலது, இடது. லண்டன் பட்டறையாக இருந்தால் ஒவ்வொரு பலகையிலும் கதவு விளிம்பிலும் பாடி நம்பரை அச்சுக் குத்தியிருப்பார்கள். இங்கே அச்சு இல்லை, பென்சில்தான். அப்புறம் அப்பா கயிறு பிடித்து அடிச்சட்டத்தை அளந்தார். 8 அடி 3 அங்குலம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தச்சு முழம் ஒன்றுக்கு 33 அங்குலம். மூன்று முழம் 99 அங்குலம், அதாவது சரியாக 8 அடி 3 அங்குலம். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு நிலை வைக்கிறவன் காருக்கும் நிலை வைத்திருக்கிறான் என்று அப்பா சொன்னபோது எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

பின் ஜன்னலுக்கு மேலே சின்னப் பித்தளைக் கம்பி ஒன்று, திரை போடுவதற்கு. கம்பியின் முளைக்குள் சிக்கிய ஒரு துண்டுத் துணி, கண்டாங்கிக் கட்டம், அரக்கும் மஞ்சளும். அதை இப்போதும் ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு தடயம் சேஸிஸின் பின்பக்கம் இருந்தது. நாலு பெரிய துளைகள், பிறகு யாரோ ஆணி அடித்து அடைத்தவை. பாடியின் பின்சட்டத்திலும் அதற்கு நேராக வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது. லக்கேஜ் கேரியர் என்று நினைத்தேன். எஞ்சினைத் திறந்து சிலிண்டர் தேய்மானத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. யுத்தக் காலத்தில் கரி கேஸில் ஓடிய கார் அது. பெட்ரோல் ரேஷனில் இருந்தபோது வண்டிக்குப் பின்னால் உலை ஒன்றைத் தொங்கவிட்டு, மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வருகிற கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை எஞ்சினுக்கு விட்டு ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். இதற்கென்றே கேஸ் பிளான்ட் தயாரித்தது. எஞ்சின் வலு வெகுவாகக் குறையும், மேட்டில் இறங்கித் தள்ள வேண்டிவரும். வடிகட்டி ஒழுங்காக இல்லையென்றால் சாம்பல் தூள் உள்ளே போய் சிலிண்டரை அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். எங்கள் காரில் தேய்த்திருந்தது.

இந்தத் துளைகளுக்குப் பின்னால் செட்டிநாட்டின் கதையே இருக்கிறது. 1930 வாக்கில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, அவர்கள் அங்கே கொடுத்திருந்த கடன் திரும்பாமல் போனதால், 1938க்குள் அது 25 பங்காயிற்று. கேட்க லாபம் மாதிரி இருக்கும். பணமாக வர வேண்டியதெல்லாம் விற்க முடியாத நிலமாக மாறிப்போனதுதான் உண்மை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. நடந்தும் கப்பலிலும் வந்து சேர்ந்தவர்கள் வீட்டில் பெட்ரோல் குடிக்கிற பெரிய கார் எத்தனை நாள் ஓடும்? மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பர் போயிற்று, டயரும் போயிற்று. இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் நிறைய கார்கள் அப்போதுதான் மரக்கட்டை மேல் ஏறின. உங்கள் கார் அதற்குப் பிறகும் ஓடியிருக்கிறது போலிருக்கிறது. அப்படியானால் யாரோ ஒருவர் அதைப் பிடிவாதமாகக் காப்பாற்றியிருக்கிறார்.

இனி வேலைக்கு வருவோம். ஆர்வக் கோளாறில் பேட்டரி கட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். யார் கெஞ்சினாலும் விடாதீர்கள். 20/25இன் கிராங்க் ஷாஃப்ட் முழங்கைகள் உள்ளே பொள்ளல். எண்ணெயில் வரும் கசடு அங்கே ஒதுங்கட்டும் என்று வைத்தது. நாற்பது வருடக் கசடு அதில் கெட்டியாகி நிற்கும். அது உடைந்து எண்ணெய் வழியை அடைத்தால் பேரிங் போய்விடும். பிளாக்கின் தண்ணீர் வழிகளும் துருச் சேற்றால் அடைந்திருக்கும், முக்கியமாகப் பின் சிலிண்டர்கள் பக்கம். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி, ஒரு மாதம் அப்படியே விடுங்கள். பிறகு கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். திரும்பவில்லையென்றால் ஹெட்டைத் தூக்க வேண்டியதுதான். நெம்புகோல் போடக் கூடாது.

பேரிங் இந்தக் காரில் கடையில் வாங்கி மாட்டுகிற ஷெல் கிடையாது. உருக்கி ஊற்றுகிற ஒயிட் மெட்டல்: பத்தில் ஒன்பது பங்கு வெள்ளீயம், மீதி ஆண்டிமனியும் செம்பும். ஊற்றுவதற்கு முன் தாங்கியைச் சுத்தமாக்கி ஈயம் பூசி, அச்சைச் சூடாக்கி, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நடுவில் கை நின்றால் உள்ளே அடுக்குப் பிரிந்து, ஆயிரம் கிலோமீட்டரில் உதிர்ந்துவிடும். அப்புறம் லைன் போரிங், எல்லாத் தாங்கிகளையும் ஒரே நேர்கோட்டில் கடைவது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் கோயம்புத்தூரில் இன்னும் இருக்கின்றன, பழைய ஆயில் எஞ்சின் வேலை பார்த்தவர்கள். நாங்கள் அங்கேதான் கொடுத்தோம். ஹெட் வெடித்திருந்தால் பயப்பட வேண்டாம். புது வார்ப்பு இங்கிலாந்தில் செய்கிறார்கள், பணம்தான் வேண்டும்.

மர வேலைதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீளும்.

மரச்சட்டப் பாடி அசைய வேண்டும். இதுதான் பலருக்கும் புரியாத இடம். சேஸிஸ் என்பது இரண்டு நீளச் சட்டங்களும் சில குறுக்குச் சட்டங்களும்தான். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அது முறுகும். மேலே இருக்கிற மரப் பாடி அதோடு சேர்ந்து இம்மி இம்மியாக அசைந்து கொடுத்தால்தான் தகடு பிழைக்கும். எங்களிடம் வருவதற்கு முன் அந்தக் காரை ஒரு வெல்டிங் பட்டறையில் விட்டிருந்தார்கள். உளுத்த கதவுத் தூணை எடுத்துவிட்டு இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வேலை உறுதிதான். உறுதியாக இருந்ததாலேயே அதன் பக்கத்துத் தகடு இரண்டு இடத்தில் கிழிந்துபோயிருந்தது. போதாததற்கு அலுமினியமும் இரும்பும் நேராக உரசுகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளை மாவாகப் பொரிந்துவிடும். அந்த ஆங்கிளை அறுத்து எடுக்கவே பத்து நாள் ஆயிற்று.

உங்கள் சட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு, அது தேக்காக இருந்தால். தேக்கின் எண்ணெய்ப் பசையைக் கரையான் விரும்பாது. இரும்பு ஆணியையும் அந்த எண்ணெய் துருவிலிருந்து காக்கும். அதே எண்ணெய்தான் ஒட்டு வேலைக்கு எதிரி. வெட்டிய முகத்தை அசிட்டோனில் துடைத்துவிட்டு, உடனே பசை போட வேண்டும். மதியம் சாப்பிட்டு வந்து போடலாம் என்றால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். உளுத்த பகுதியை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து, அதே ரேகைப் போக்கில் பழைய தேக்கை வைத்துக் கழுந்து போட்டு இணைக்க வேண்டும். முழுச் சட்டத்தையும் மாற்றுவது சுலபம், வேகம்; ஆனால் ௧, ௨, ௩ போய்விடும்.

பழைய தேக்குக்கு நம் ஊரில் பஞ்சமா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இடித்த வீட்டு உத்தரமும் நிலையும் கிடைக்கும். எழுபது எண்பது வருடம் காய்ந்த பர்மாத் தேக்கு, இனி ஒரு நூல்கூடச் சுருங்காது. வாங்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தும், யாரோ ஒருவர் வீட்டு முகப்பு அது. நாங்கள் வாங்கிய உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கித் துளை இருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டாமல் முன் சீட்டுக்கு அடியில் வருகிற மாதிரி அப்பா வைத்தார்.

கதவு பொருத்துவதற்குக் கார் ஆசாரி வேண்டாம். செட்டிநாட்டு நிலைக்கதவு செய்கிற ஆசாரி போதும். எங்களுக்கு வந்தவர் எழுபது வயதுக்காரர், கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே எத்தனை நூல் விட வேண்டும், எந்த மாதத்தில் எவ்வளவு உப்பும் என்பது அவர் விரலில் இருந்தது. அவரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பாடியைத் தரையில் வைத்துக் கதவு பார்க்காதீர்கள், சேஸிஸில் ஏற்றி, நாலு பேர் உட்கார்ந்த பாரம் வைத்த பிறகு பாருங்கள்.

தகடு விஷயத்தில் டிங்கர் வேலைக்காரர்களோடு சண்டை வரும். இரும்புத் தகடு தட்டிப் பழகியவர்கள் அலுமினியத்தையும் அப்படியே அடிப்பார்கள். அலுமினியம் அடிக்க அடிக்க விறைக்கும், கடைசியில் வெடிக்கும். இடையிடையே சூடுகாட்டி இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் சிவக்காது, சூடு தெரியாது, திடீரென்று ஓட்டையாகிவிடும். இதற்குப் பழைய வித்தை ஒன்று உண்டு. துணி துவைக்கிற பார் சோப்பைத் தகட்டில் கோடு கோடாகத் தேய்த்துவிட்டு, பின்பக்கமிருந்து சூடு காட்ட வேண்டும். சோப்பு பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான், தகடு அப்பளம் மாவு மாதிரி இளகிவிடும். கேஸ் வெல்டிங் செய்தால் ஃப்ளக்ஸை வெந்நீர் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் பெயின்டுக்கு அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். பட்டி போட்டு மூடிவிடலாம் என்கிற ஆளைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

பளபளப்புச் சாமான்கள். 1930 வாக்கில்தான் நிக்கலிலிருந்து குரோமியத்துக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருந்தார்கள். ஒரே காரில் இரண்டும் இருக்கலாம். வித்தியாசம் சுலபம்: நிக்கலில் லேசான மஞ்சள் சூடு இருக்கும், குரோமியத்தில் நீலக் குளிர்ச்சி. எல்லாவற்றையும் குரோமியமாக்கிவிட்டால் கார் ஓட்டல் பாத்திரம் மாதிரி ஆகிவிடும். காரைக்குடியில் இருந்துகொண்டு பிளேட்டிங்குக்கு வெளியூர் போக வேண்டுமா என்று கேட்பார்கள். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தானே இருக்கிறது. அரிமானத்துக்கும் பூச்சுக்கும் நாடே இங்கே வந்து கேட்கிறது. அது ஆராய்ச்சி நிலையம், கதவுப் பிடிக்கு முலாம் போட்டுத் தர மாட்டார்கள், அது வேறு. ஆனால் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தது என் பத்து வருட அனுபவத்தைவிடப் பெரிது: குரோமியம் வெறும் மேல்தோல், தடிமன் ஒரு மைக்ரான்கூட வராது, காப்பாற்றுவது அடியில் இருக்கிற நிக்கல், அதில் கஞ்சத்தனம் பண்ணுகிறவனிடம் கொடுக்காதே.

ரேடியேட்டரின் வெளிக்கூட்டை மட்டும் பாலிஷ்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தட்டையாகத் தெரியும், தட்டை கிடையாது. ஸ்கேல் வைத்துப் பாருங்கள், நடுவில் மெலிசாகப் புடைத்திருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரிவதற்காக அப்படிச் செய்தார்கள், கிரேக்கக் கோயில் தூண் மாதிரி. மெஷினில் வைத்து பஃப் அடித்தால் அந்த விளிம்புகள் சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும். எங்கள் காரில் ஒரு பக்க விளிம்பு அப்படிப் போனது, நான் கவனிக்காத ஒரு மதியத்தில். இன்றைக்கும் அந்தப் பக்கமிருந்து போட்டோ எடுக்க விடமாட்டேன்.

பெயின்டைப் பற்றிச் சுருக்கமாக. மறைவான இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தண்ணீர்த் தாளால் மெதுவாகத் தேய்த்து அடுக்கடுக்காக இறங்குங்கள். எங்கள் காரில் ஐந்து நிறம் வந்தது, கடைசியில் அரக்கு. அந்த அரக்கையே நைட்ரோ செல்லுலோஸில் அடித்தோம். நம் பெயின்டர்கள் இன்னும் 'டூக்கோ' என்று சொல்வது 1920களில் டுபான்ட் கொண்டுவந்த அந்த நைட்ரோ செல்லுலோஸின் பெயரைத்தான். இன்றைய பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் அசைகிற மரப் பாடியில் மூட்டுக்கு மூட்டு கோடு விடும்.

இப்போது பணம். தொகை சொன்னால் பொய்யாகிவிடும், விகிதம் சொல்கிறேன். எங்கள் செலவில் பாதிக்கு மேல் எஞ்சினுக்குப் போனது. மரம், தகடு எல்லாம் சேர்ந்து கால் பங்கு. டயரும் வயரும் சீட்டும் மீதி. காலம் மூன்றரை வருடம். அதில் மர வேலை மட்டும் பதினொரு மாதம். விற்றால் போட்டது வருமா என்று கணக்குப் பார்க்கிறவர் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

புரோக்கர் சொல்லும் புது டூரர் பாடிக்கு வருகிறேன். அதில் சட்டச் சிக்கலும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட கார்களை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான கார் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். ஆனால் அந்தத் தகுதிக்குக் கார் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. எழுபது எண்பது வருடமாக அந்தக் காரின் மேலேயே இருக்கிற பாடிக்கு ஆவணம் காட்டி வாதாடலாம். போன மாதம் கட்டிய டூரருக்கு என்ன சொல்வீர்கள்? பழைய கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா 2012இல் ஏற்ற டுரின் சாசனமும், காரின் வாழ்நாளில் நடந்த மாற்றங்களையும் அதன் சரித்திரமாகத்தான் பார்க்கச் சொல்கிறது. கையில் தொட்டுப் பார்த்து விலை சொல்கிற நல்ல வாங்குபவர்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறார்கள். டூரராக மாற்றினால் சீக்கிரம் விற்கும் என்பது வாஸ்தவம். புரோக்கருக்கு அது போதும்.

ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பெட்டகத்தில் பழைய கணக்கு ஏடுகளோடு கிடக்கும். அது யார் பெயரில் இருக்கிறது, இப்போது எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, பங்கு என்பதை முதலிலேயே பேசி, எல்லாருடைய கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கார் துருவேறிக் கிடக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்திய அன்று சிங்கப்பூரிலிருந்து போன் வரும். எங்கள் காரில் வந்தது, வேலை எட்டு மாதம் நின்றது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பானெட்டின் பின்னால், எஞ்சினைப் பார்த்த தடுப்புத் தகட்டில் சேஸிஸ் நம்பர்த் தகடு இருக்கும். 20/25 என்றால் 'ஜி' என்று தொடங்கும் மூன்று எழுத்தும், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இலக்கமும். அதைக் குறித்து இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்துக்கு எழுதினால், டெர்பியின் பழைய சேஸிஸ் அட்டை நகலைக் கட்டணத்துக்கு அனுப்புவார்கள். முதலில் யார் வாங்கியது, எந்தக் கம்பெனி பாடி கட்டியது எல்லாம் அதில் இருக்கும். எங்கள் அட்டையில் லண்டனில் கட்டிய மூடிய சலூன் என்று இருந்தது. ஆக, திறந்த டூரராக அந்தக் கார் ஒருநாளும் இருந்ததில்லை. உங்களுடையதும் அப்படி இருந்தால் புரோக்கரிடம் அந்த நகலைக் காட்டுங்கள்.

அப்புறம் பின் சீட்டைத் தூக்கி, பலகையின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். துடைக்க வேண்டாம், பென்சில் அழிந்துவிடும். ஷெட் கதவைத் திறக்கும் முன் தட்டிவிட்டுத் திறங்கள். நாற்பது வருடம் நின்ற காருக்குள் எங்களுக்கு முன்னாலேயே ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது.